ரோபோட்டிக்ஸுக்காகப் பள்ளி மாற்ற வேண்டுமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு கவலைகள் கலந்திருக்கின்றன. ஒன்பதாவது படிக்கும் மகள் மணி அடித்த பிறகும் வீட்டுக்கு வராமல், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு கணினி லேபில் ஸ்கிராட்ச் (கட்டளைக் கட்டங்களை இழுத்து அடுக்கி நிரல் எழுதும் மென்பொருள்) சொல்லிக்கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்பது ஒன்று. அரசுப் பள்ளியில் இதற்கு மேல் என்ன இருக்கிறது, ரோபோட்டிக்ஸ் சொல்லித்தரும் தனியார் பள்ளிக்கு மாற்றிவிடலாமா என்பது இன்னொன்று. பணம் சம்பந்தப்பட்டது இரண்டாவது. அதை முதலில் முடித்துவிடுவோம்.

மாற்றாதீர்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்குப் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. 2021-ல் சட்டமாகவே வந்தது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டும். பெண் பிள்ளை என்பதால் கல்லூரியில் படிக்கும்போது புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனி. நடுவில் ஓராண்டு தனியார் பள்ளிக்குப் போனாலும் இந்த ஒதுக்கீடு கையை விட்டுப் போய்விடும். மகள் ஏற்கெனவே மூன்று வகுப்புகளைத் தாண்டிவிட்டாள். ஒரு ரோபோட்டிக்ஸ் கிட்டைத் தொட்டுப் பார்ப்பதற்காக இதை விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. விதிகள் அவ்வப்போது மாறும், தலைமையாசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அடுத்தது, அண்ணா பல்கலைக்கழக வளாகத்திலிருந்து உங்கள் ஊர்ப் பக்கத்துக் கல்லூரி வரை, பொறியியல் கலந்தாய்வில் பார்ப்பது 200-க்கான கட் ஆஃப்தான். கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. பள்ளியில் செய்த ப்ராஜெக்டுக்கோ கோடிங் சான்றிதழுக்கோ அதில் இடமே இல்லை. பிளஸ் டூ கணினி அறிவியல் மதிப்பெண்கூட அந்தக் கணக்கில் வராது. சான்றிதழ் இருந்தால் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் சுலபம் என்று யாராவது சொன்னால், அவர் எதையோ விற்க வந்திருக்கிறார் என்று அர்த்தம்.

அப்படியானால் மகள் லேபில் உட்கார்ந்திருப்பது வீண்தானே என்று கேட்பீர்கள். இல்லை.

'செடிக்குத் தண்ணி ஊத்தற மெஷின் ஒன்றைக் கட்டிக்கொண்டு அழுகிறாள்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பாருங்கள். மண்ணில் குத்திவைத்த இரண்டு கம்பிகளுக்கு இடையே மின்சாரம் எவ்வளவு சுலபமாகப் போகிறது என்பதை ஆர்டுயினோ என்ற சின்னக் கணினி அட்டை 0 முதல் 1023 வரை ஓர் எண்ணாகக் காட்டும். எந்த எண் வந்தால் மண் காய்ந்துவிட்டது என்று அர்த்தம்? அது உங்கள் ஊர் மண்ணைப் பொறுத்தது, எந்தப் புத்தகத்திலும் இருக்காது. அவளே காய்ந்த மண்ணிலும் நனைந்த மண்ணிலும் அளந்து, குறித்து, எந்த எண்ணில் மோட்டாரை ஓடவிடலாம் என்று முடிவுசெய்ய வேண்டும். நாள் முழுக்க மின்சாரம் கொடுத்தே வைத்திருந்தால் கம்பி சீக்கிரமே அரித்துப்போகும். வேதியியலில் மின்னாற்பகுப்பு என்று படிப்பார்களே, அதே சங்கதிதான். அளக்கும் நொடியில் மட்டும் மின்சாரம் கொடுத்தால் போதும் என்பது, கம்பி ஒன்று வீணான பிறகுதான் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் புரியும். வீணாகட்டும். விலை அதிகமில்லை.

இதே சாமான்களைச் சென்னை ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ மொத்தமாக வாங்கிவிடலாம். நிரலை யூடியூபில் பார்த்து எழுதலாம், சாட்ஜிபிடியிடம் கேட்டால் அரை நிமிடத்தில் கொடுத்துவிடும். கண்காட்சி மேசையில் வைத்தால் மெஷின் நன்றாகவே ஓடும். செய்த பிள்ளைக்கு ஏதாவது புரிந்ததா என்று பார்க்கிற அப்பா அம்மாவுக்கு எப்படித் தெரியும்? அங்கேதான் அந்த ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வருகிறார்கள். தெரியாத விஷயத்தை ஆசிரியரிடம் மழுப்பிவிடலாம், பன்னிரண்டு வயதுப் பையனிடம் மழுப்ப முடியாது. 'ஏன்க்கா?' என்று கேட்டுக்கொண்டே இருப்பான்.

ஸ்கிராட்சில் அடிக்கடி நடப்பது ஒன்று. திரையின் ஓரச் சுவரில் முட்டினால், அதில் நடக்கும் பூனை பொம்மை திரும்ப வேண்டும் என்ற கட்டளையை, திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் கட்டத்துக்கு உள்ளே போடாமல் மேலே போட்டுவிடுவார்கள். பூனை ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டு நிற்கும். மவுசை வாங்கி, இழுத்து உள்ளே போட்டு, 'பாரு, ஆச்சு' என்று சொல்கிற அக்காவிடம் அந்தப் பிள்ளை ஒன்றும் கற்றுக்கொள்வதில்லை. 'சுவரில் முட்டிச்சான்னு கம்ப்யூட்டர் எத்தனை தடவை பார்க்கும், சொல்லு' என்று கேட்கிற அக்காவிடம் கற்றுக்கொள்ளும். அப்படிக் கேட்கத் தெரிந்த பெண்ணுக்குப் பிளஸ் ஒன்னில் சி பிளஸ் பிளஸும் பிளஸ் டூவில் பைத்தானும் வரும்போது, மடக்கு (லூப், அதாவது திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வது) என்ற பாடத்தை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது. உங்கள் மகள் எந்த வகை என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் லேப் வாசலில் நின்று பாருங்கள், மவுசு யார் கையில் இருக்கிறது என்று.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. கணினி தெரிந்த பெண் என்றால் பள்ளியில் எல்லா வேலையும் அவள் தலையில் விழும். எமிஸ் (கல்வித் துறையின் மாணவர் விவரத் தளம்) பதிவு, பிரிண்ட் அவுட், விழாவுக்குப் பவர்பாயிண்ட் எல்லாம் வரும். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது வேறு, அலுவலக வேலை பார்ப்பது வேறு. இரண்டாவது நடந்தால் வகுப்பாசிரியரிடம் பணிவாக, ஆனால் தெளிவாக, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சொல்லிக்கொடுப்பதும் வாரத்தில் இரண்டு நாள், ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம், ஆசிரியர் ஒருவர் பள்ளியில் இருக்கும்போது மட்டும் என்று வையுங்கள். எட்டாம் வகுப்பில் கெட்டிக்காரப் பிள்ளைகள் இரண்டு பேரை இப்போதே பழக்கிவிட்டால், அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போது இவள் ஒதுங்கிக்கொள்ளலாம்.

கணக்கில் மதிப்பெண் குறைந்துவிட்டது என்றும் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள், அது உண்மையான கவலை. கட் ஆஃபில் பாதி அதுதான். ஆனால் உடனே லேப் மேல் பழி போடாதீர்கள். விடைத்தாளை வாங்கிப் பாருங்கள். நேரம் போதாமல் விட்டிருக்கிறாளா, இல்லை இயற்கணிதம், வடிவியல் என்று ஏதாவது ஒரு பாடம் மொத்தமாகப் போயிருக்கிறதா? ஒரு பாடம்தான் என்றால் டியூஷன்கூட வேண்டாம், கணக்கு ஆசிரியரிடம் இரண்டு வாரம் உட்கார்ந்தால் போதும்.

பிளஸ் ஒன்னில் எந்த குரூப் என்று கணவர் இப்போதே கேட்கிறாராமே. கணினி அறிவியல் பாடம் எடுக்காமல் உயிரியல்-கணக்கு எடுத்தாலும் பொறியியலில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேரலாம். பத்தாம் வகுப்பு முடியட்டும். கடன் வாங்கி லேப்டாப் வாங்கலாமா என்று நீங்கள் கேட்டதும் அப்படித்தான், இப்போது வேண்டாம், இந்த வயதுக்கு லேபும் உங்கள் போனும் போதும்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான். மத்திய அரசின் இன்ஸ்பயர் மானக் என்ற அறிவியல் விருதுக்குப் பள்ளிகளிடமிருந்து மாணவர்களின் யோசனைகளைக் கேட்பார்கள். தேர்வாகும் பிள்ளைக்கு அந்த யோசனையைச் செய்துபார்க்க 10,000 ரூபாய் வரும். விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் போக வேண்டும், நீங்கள் நேரடியாக அனுப்ப முடியாது. இந்த ஆண்டு எத்தனை பேரைப் பரிந்துரைக்கிறார்கள், கடைசித் தேதி எது என்று தலைமையாசிரியரிடம் விசாரியுங்கள். போகும்போது மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். மெஷினைப் பற்றி அவளே சொல்லட்டும், நீங்கள் குறுக்கே பேச வேண்டாம்.