வசனம் முணுமுணுப்பு, பின்னணி இசை மட்டும் இடி

படத்தை நிறுத்தாமலே செயலியின் ஆடியோ மெனுவைத் திறங்கள். 'தமிழ் 5.1', 'தமிழ்' என்று இரண்டு இருந்தால் வெறும் 'தமிழ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். புது வெப் சீரிஸின் மூன்றாம் எபிசோடில் வசனம் கேட்கவில்லை, சண்டை வந்தால் பக்கத்து வீடு எழுந்துவிடுகிறது என்று உங்கள் விமர்சனத்தில் எழுதியிருக்கிறீர்களே, அந்தத் தொல்லை பெரும்பாலும் இதிலேயே பாதி குறையும்.

காரணம், 5.1 என்பது ஆறு ஸ்பீக்கருக்கான ஒலி, அதில் ஆறு தடங்கள். வசனத்துக்குப் பெரும்பாலும் நடுத்தடம்தான். டிவியில் இருப்பதோ இரண்டே ஸ்பீக்கர். ஆறையும் இரண்டில் அடக்கும்போது பேச்சு அமுங்கிப்போகும். போதாக்குறைக்கு மெலிந்த டிவிகளில் ஸ்பீக்கர் கீழ்நோக்கி இருக்கும். எங்கள் மாம்பலம் வீட்டில் டிவிக்கு அடியில் கையை வைத்துப் பார்த்தேன், சத்தமெல்லாம் அங்கேதான் அதிர்ந்துகொண்டிருந்தது. அம்மா வசனத்துக்கு வசனம் "என்னடா சொன்னான்?" என்று கேட்டதற்கு அவர் காது காரணமில்லை!

அதே காட்சியைப் போனில் ஹெட்போன் மாட்டிக் கேளுங்கள்.

1. தெளிவாக இருந்தால் கோளாறு டிவி பக்கம். ஒலி அமைப்பில் 'கிளியர் வாய்ஸ்' மாதிரி ஏதாவது இருக்கும், அதைப் போடுங்கள். அப்புறம் ஃபேனை ஐந்திலிருந்து இரண்டுக்குக் குறையுங்கள். சென்னை மே மாதத்தில் கொடுமைதான், தெரியும்.

2. ஹெட்போனிலும் முணுமுணுப்பு என்றால் எடுத்ததே அப்படி. படப்பிடிப்பிலேயே பதிவு செய்யும் நேரடி ஒலியில் நடிகர் வாய்க்குள் பேசினால் அப்படியே வந்துவிடும். சப்டைட்டில்தான் வழி.

ஒன்று, எல்லாச் செயலியிலும் 'தமிழ் 5.1', 'தமிழ்' என்று இரண்டும் தருவதில்லை. இன்னொன்று, "கதையே புரியவில்லை, ஒரு ஸ்டார்" என்று போட்டிருக்கிறீர்களே, அந்த மூன்றாம் எபிசோடை மட்டும் மறுபடி கேட்டுவிட்டு மதிப்பெண் போடுங்களேன்.