எதிர்கொண்ட தடுப்பாட்டத்தை வைத்துக் கூடைப்பந்து மேதைகளை ஒப்பிட முடியுமா?

ஜோர்டான், லெப்ரான் ஜேம்ஸ், கரீம் அப்துல் ஜப்பார், சேம்பர்லின் போன்றோர் எதிர்கொண்ட அணிகளின் தடுப்பாட்ட வலிமையை அளந்து, அவர்களுள் யார் பெரியவர் என்று முடிவுகட்ட இயலுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓரளவுக்கு இயலும். ஆனால் வழக்கமாகச் செய்வதுபோல, எதிரணிகள் அனைத்தின் தடுப்பாட்ட எண்களையும் கூட்டிச் சராசரி எடுத்தால் உருப்படியாக எதுவும் தேறாது. ஒரு மேதையின் முன் அன்று யார் நின்றார், அவருக்குப் பின்னால் கூடைக்கடியில் யார் காத்திருந்தார், அப்போது மேதையின் ஆட்டம் அவருடைய வழக்கமான அளவிலிருந்து எவ்வளவு இறங்கியது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்ப்பதே சரியான வழி என்று கருதுகிறேன்.

சராசரி ஏன் உதவாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓர் அணியின் தடுப்பாட்டத்தை, எதிரணிக்குப் பந்து கிடைக்கும் ஒவ்வொரு நூறு முறைக்கும் அது எத்தனை புள்ளிகளை விட்டுக்கொடுத்தது என்ற கணக்கால் அளக்கிறார்கள். ஆட்டத்தின் வேகம் காலத்துக்குக் காலம் மாறுவதால் இந்தக் கணக்கு அவசியமாகிறது. அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வில், 1961-62 சீசனில் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் சராசரியாக ஏறத்தாழ 119 புள்ளிகள் எடுத்தது, 2003-04 சீசனில் 93 புள்ளிகளே எடுத்தது. ஆயினும் லீக் கிழக்கு, மேற்கு என்று இரு பிரிவாக இருந்து, ஓர் அணியின் 82 ஆட்டங்களில் 52 தன் பிரிவுக்குள்ளும் 30 எதிர்ப்பிரிவுடனும் நடைபெறுவதால், சீசன் முடியும்போது எல்லா வீரர்களும் ஏறக்குறைய ஒரே கலவையைத்தான் சந்தித்திருப்பார்கள். அதிலும் ஒரு வேடிக்கை உண்டு: எந்த மேதையும் தன் சொந்த அணியின் தடுப்பாட்டத்தைச் சந்திப்பதில்லை. 1995-96 சீசனில் லீக்கிலேயே மிகச் சிறந்த தடுப்பாட்டம் ஜோர்டானின் சிகாகோ புல்ஸ் அணியுடையது. அதன் தடுப்பாட்டக்காரர்களான பிப்பனையும் ராட்மனையும் எதிர்த்து ஆடவேண்டிய கட்டாயம் ஜோர்டானைத் தவிர மற்ற எல்லோருக்கும் இருந்தது. இதை வைத்து ஜோர்டானுக்கு எளிய அட்டவணை அமைந்தது என்று வாதிடுவது எவ்வளவு அபத்தமோ, அவ்வளவு அபத்தம் சராசரியை நம்புவது.

அதே ஆண்டின் இறுதிப் போட்டித் தொடர் இந்தக் கேள்விக்கு மிகச் சிறந்த பாடம். எதிரணி சியாட்டில் சூப்பர்சானிக்ஸ். அந்தச் சீசனின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதைப் பெற்ற கேரி பேட்டன் அந்த அணியில் இருந்தார். எனினும் முதல் மூன்று ஆட்டங்களில் ஜோர்டானைத் தடுக்கும் முழுப் பொறுப்பு அவருக்கு வழங்கப்படவில்லை. அவருடைய காலில் காயம் இருந்தது. தாக்குதலுக்கும் அவரே தேவைப்பட்டார். அந்த மூன்று ஆட்டங்களில் ஜோர்டான் 28, 29, 36 என்று எடுத்தார், சராசரி 31. மூன்றிலும் தோற்ற பிறகே பேட்டன் நிலையாக அவர்முன் நிறுத்தப்பட்டார். அடுத்த மூன்று ஆட்டங்களில் வந்தவை 23, 26, 22. சராசரி 24-ஐக்கூடத் தொடவில்லை. அணி அதே அணி, அதன் தடுப்பாட்ட எண்ணும் அதே எண்; முன்னால் நின்ற ஆள் மட்டும் மாறினார். மூன்றுக்குப் பூஜ்யம் என்று முன்னிலை பெற்ற அணிக்குச் சற்றுத் தளர்ச்சி வருவதும் இயல்புதான் என்பதால், இந்த ஏழு புள்ளி வித்தியாசம் முழுவதையும் பேட்டன் கணக்கில் எழுத நான் துணியமாட்டேன். பாதியை எழுதினாலும் போதும், அணிச் சராசரி மறைக்கும் செய்தி வெளியே வந்துவிடும்.

காட்பாடியில் ஒரு சிமென்ட் தரை ஆடுகளத்தில், வெயில் ஏறுவதற்கு முன்பான நேரத்தில் பிள்ளைகளுக்குப் பயிற்சி அளிக்கிறேன். அங்கே புள்ளிக் குறிப்பேட்டில் ஒவ்வொரு பையனின் புள்ளிக்குப் பக்கத்திலும் அவனைத் தடுத்தவன் பெயருக்கு ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். வேலூரிலும் ராணிப்பேட்டையிலும் திருப்பத்தூரிலும் நடக்கும் பள்ளிப் போட்டிகளில், முதல் சுற்றில் பந்தைப் பிடிக்கவே தடுமாறும் அணிக்கு எதிராக முப்பது புள்ளிகளைக் குவித்தவன் அரையிறுதியில் ஆறோடு நிற்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் தொடரின் மொத்தப் பட்டியலில் அவன்தான் முதலிடத்தில் இருப்பான். அந்தப் பிள்ளைகளில் ஒருவன், "சார், லெப்ரானுக்குக் கிழக்குப் பிரிவுல தடுக்க ஆளே இல்ல, அதான் ஒவ்வொரு வருஷமும் ஃபைனலுக்குப் போனாரு" என்று அடிக்கடி வாதிடுவான். 2008-இல் பாஸ்டன் செல்டிக்ஸ் எந்தப் பிரிவில் இருந்தது என்று அவனைத் திருப்பிக் கேட்பேன். அதுவும் கிழக்குதான்.

அந்த 2008-ஐயே எடுத்துக்கொள்வோம், ஏனெனில் அதற்கு அபூர்வமான ஓர் இணை இருக்கிறது. 1986-இலும் 2008-இலும் லீக்கின் முதல்தரத் தடுப்பாட்டம் பாஸ்டனுடையதே. முன்னதில் அந்த அணி 67 வெற்றிகளையும் பின்னதில் 66 வெற்றிகளையும் பெற்றிருந்தது. 1986-இல் அதை எதிர்த்த ஜோர்டானுக்கு வயது 23. 2008-இல் எதிர்த்த லெப்ரானுக்கும் 23. ஜோர்டான் மூன்று ஆட்டங்களில் 49, 63, 19 என்று எடுத்தார். சிகாகோ மூன்றிலும் தோற்றது. லெப்ரான் ஏழு ஆட்டங்களில் சராசரியாக 26.7 புள்ளிகள் எடுத்தார், ஆனால் எறிந்தவற்றில் 35.5 சதவீதமே கூடையில் விழுந்தன. கடைசி ஆட்டத்தில் அவர் 45 புள்ளிகளை எடுத்தும் அவருடைய அணியான கிளீவ்லாந்து தோற்றது. மேலோட்டமாகப் பார்ப்பவர் ஜோர்டானே மேல் என்று முடித்துவிடுவார். எனக்கு அவ்வளவு அவசரம் இல்லை. 30 வெற்றிகளோடு தட்டுத்தடுமாறி வந்த சிகாகோவிடம் தோற்போம் என்ற அச்சம் 1986-இன் பாஸ்டனுக்கு இருந்திருக்கக் காரணமே இல்லை. ஒருவர் அறுபது அடித்தாலும் ஆட்டம் தங்களுடையதே என்ற நிலை அது. கெவின் கார்னெட் ஆடிய 2008-இன் பாஸ்டனுக்கோ லெப்ரானை அடக்காவிட்டால் தொடரே கைநழுவும். அவர் எந்தப் பக்கம் பந்தோடு நுழைந்தாலும் இரண்டாவது ஆள் அங்கே முன்கூட்டியே வந்து நின்றார்.

அப்படி முன்கூட்டியே வந்து நிற்பதற்கு விதியும் இடம் கொடுத்தது. 2001-02 சீசனுக்கு முன்பு என்.பி.ஏ.வில் ஜோன் தடுப்பாட்டம், அதாவது ஆளை விட்டு இடத்தைக் காப்பது, தடைசெய்யப்பட்டிருந்தது; ஆளுக்கு ஆள் தடுக்க வேண்டும், அல்லது பந்து வைத்திருப்பவரை இருவர் வெளிப்படையாகச் சூழ வேண்டும். மறுபுறம், பந்தோடு வருபவரைக் கைவைத்துத் தள்ளித் தடுப்பதை 2004-05 முதல் நடுவர்கள் கண்டிப்பாகத் தண்டிக்கத் தொடங்கினர். ஜோர்டான் சிகாகோவில் ஆடிய காலத்தில் முதல் தடுப்பாளர் கொடியவர், பின்னால் வரும் உதவி தாமதம். லெப்ரான் காலத்தில் முதல் தடுப்பாளரின் கைகள் கட்டப்பட்டவை, உதவியோ எப்போதும் தயார். 2011 இறுதிப் போட்டித் தொடரில் லீக்கின் முதல் ஐந்து தடுப்பாட்ட அணிகளில்கூட இல்லாத டல்லாஸ், ஜோனையும் கலந்து ஆடி லெப்ரானை 17.8 புள்ளிச் சராசரிக்கு இறக்கியது. அவருடைய சீசன் சராசரி 26.7.

பழைய காலத்துக்குப் போகப்போக இந்தச் சோதனை கடினமாகிறது. கூடைக்கு எறிந்த பந்தைத் தட்டித் தடுத்தவையும் பந்துப் பறிப்புகளும் 1973-74-க்கு முன் அதிகாரப்பூர்வமாகப் பதிவாகவே இல்லை. வில்ட் சேம்பர்லின் 50.4 புள்ளிச் சராசரி எடுத்த 1961-62 சீசனில் இருந்தவை ஒன்பது அணிகளே; ஆகவே ஒவ்வோர் எதிரணியையும் அவர் சுமார் பத்து முறை சந்தித்தார். எதிரணியின் தடுப்பாட்டம் பலவீனம் என்று எண்கள் காட்டினால், அதைப் பலவீனமாகக் காட்டியதில் அவருக்கே பெரும் பங்கு இருக்கும். 1962 மார்ச் 2 அன்று நியூயார்க்குக்கு எதிராக அவர் 100 புள்ளிகள் எடுத்தபோது, அந்த அணியின் வழக்கமான சென்டர், அதாவது கூடைக்கடியில் அவரைத் தடுக்கவேண்டிய உயரமான வீரர், ஆடவில்லை. பதிலாக நின்றவரும் தவறுகள் மிகுந்து 20 நிமிடங்களில் வெளியேறினார். அதே ஆண்டின் பிளே-ஆஃபில், அதாவது சீசனுக்குப் பிந்தைய வெளியேற்றுச் சுற்றில், தடுப்பாட்டத்துக்குப் பேர்போன பில் ரஸ்ஸலின் பாஸ்டனுக்கு எதிராக ஏழு ஆட்டங்களில் சேம்பர்லினின் சராசரி 33.6. அவரை மதிப்பிட எனக்கு நூறைவிட இந்த 33.6 அதிகம் உதவுகிறது. கரீமுக்கும் இத்தகைய ஒரு தொடர் உண்டு: 1972-73 சீசனில் 55 சதவீதத் துல்லியத்தோடு 30.2 சராசரி வைத்திருந்தவர், பிளே-ஆஃபில் கோல்டன் ஸ்டேட்டின் நேட் தர்மண்டிடம் 43 சதவீதத்துக்கும் 22.8 புள்ளிகளுக்கும் இறங்கினார். 60 வெற்றிகள் பெற்ற அவருடைய மில்வாக்கி முதல் தொடரிலேயே வெளியேறியது.

இந்த முறையில் பார்த்தால், புள்ளி எடுப்பதில் நான் ஜோர்டானையே முதலில் வைப்பேன். பாஸ்டனுக்கு எதிரான அந்த 63 இதற்குக் காரணம் அன்று. அவரை அடக்குவதற்கென்றே தனித் திட்டம் வகுத்திருந்த டெட்ராய்ட் பிஸ்டன்ஸிடம் சிகாகோ 1988, 1989, 1990 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் தோற்றது. 1990 தொடரில் ஜோ டுமார்ஸும் அப்போது டெட்ராய்ட்டில் இருந்த ராட்மனும் மாறி மாறித் தடுத்தும் அவருடைய சராசரி 32.1. அந்தச் சீசனில் அவருடைய வழக்கமான சராசரி 33.6, அவ்வளவு கொடிய தடுப்பாட்டத்துக்கு எதிரே ஒன்றரைப் புள்ளிதான் இறக்கம். 1993-இல் பேட் ரைலி பயிற்றுவித்த நியூயார்க் அவருடைய துல்லியத்தை 40 சதவீதத்துக்குக் குறைத்தபோதும் 32.2 வந்தது, தொடரும் கிடைத்தது. ஆனால் இருவர் சூழ்ந்ததும் பந்தைச் சரியான ஆளிடம் சேர்ப்பதையும் கணக்கில் எடுத்தால் லெப்ரான் மிக நெருங்கி வந்துவிடுகிறார். 73 வெற்றிகள் பெற்ற கோல்டன் ஸ்டேட்டுக்கு எதிரான 2016 இறுதிப் போட்டித் தொடரில் சராசரியாக 29.7 புள்ளிகள், 8.9 உதவிகள் (சக வீரர் கூடையில் போட வழிசெய்த பாஸ்கள்) என்று ஆடி, ஒன்றுக்கு மூன்று என்ற பின்னடைவிலிருந்து மீண்டவர் அவர். அந்த அளவுகோலில் இருவரையும் ஏறத்தாழச் சமம் என்பேன்.