எங்கே படுத்திருந்தார்?

மதிப்பிற்குரிய ஐயா,

எனக்குச் சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கம். ஜார்ஜியாவில், திபிலீசியில் மூன்றாமாண்டு மருத்துவம் படிக்கிறேன். காலையில் நோய்க்குறியியல், பிறகு மருந்தியல், பிறகு நுண்ணுயிரியல் என்று மாலை வரை விரிவுரைதான். விளக்கை அணைத்துத் திரையில் படம் போட்டதும் பாதி வகுப்பு தூங்கிவிடுகிறது, நானும்தான். சில நாட்கள் மருத்துவமனைக்கு அழைத்துப்போகிறார்கள். நோயாளிகள் ஜார்ஜிய மொழி பேசுவதால் ஓரமாக நின்றுவிட்டு வருகிறோம். அந்த மொழி வகுப்புக்கு நான் போவதில்லை. இந்தியத் தகுதித் தேர்வுக்கு அது உதவாது. ஊரிலோ ‘வெளிநாட்டு டாக்டரா’ என்று இளக்காரமாகக் கேட்கிறார்கள். விரிவுரையில் மனத்தை நிறுத்த என்ன வழி?

ஒரு வாசகி

அன்புள்ள மாணவிக்கு,

பகலில் தூங்காமல் இருக்க இரவில் தூங்கு. கைபேசியைத் தலைமாட்டில் வைக்காதே. இளக்காரமாகக் கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். அந்தத் தகுதித் தேர்வின் 300 கேள்விகளில் 150 எடுத்துத் தேறி வா, போதும்.

ஆனால் மொழி வகுப்புக்குப் போவதில்லை என்று எவ்வளவு சாதாரணமாக எழுதிவிட்டாய்! எனக்குக் கோபம் வந்தது. போன வாரம் சித்தப்பாவின் திவசத்துக்கு ஊருக்குப் போய்வந்ததிலிருந்து இதே நினைவாக இருந்தேன். அந்த நேரத்தில் உன் கடிதம் வந்தது.

பல வருஷங்களுக்கு முன், ஒரு குறுவை அறுவடைச் சமயம் அது. நெல்லைத் தூற்றிக் களத்தில் குவித்திருந்தார்கள். சித்தப்பா காவலுக்கு வெறுந்தரையில் துண்டை விரித்துப் படுத்தார். விடிகிற நேரத்தில் வயிறு முறுக்குகிறது என்று வீட்டுக்கு வந்தார். டவுனில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். இளம் டாக்டர், நல்ல தமிழ் பேசுகிற பிள்ளைதான். வயிற்றுவலிக்கு ஊசி போட்டார். “கண்ணைச் சொருகுகிறது என்கிறார் ஐயா, பேச்சு குழறுகிறது” என்று சித்தி திரும்பத் திரும்பச் சொன்னார். இரவெல்லாம் விழித்தவருக்குத் தூக்கம் வராதா என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

வயதான நர்ஸ் ஒருவர்தான் கேட்டார்: “எங்கே படுத்திருந்தார்?”

“களத்தில்.”

அவர் சித்தப்பாவின் முகவாயைப் பிடித்து, மேலே பார்க்கச் சொன்னார். சித்தப்பா நெற்றியெல்லாம் சுருங்கப் புருவத்தை உயர்த்தினார். இமை எழவில்லை. உடம்பில் கடிவாய் என்று சொல்ல ஒன்றும் இல்லை. கட்டுவிரியன் அப்படித்தான். இரவில், தரையில் தூங்குகிறவரைக் கடிக்கும். பல நேரம் கடிபட்டவருக்கே தெரியாது. வயிறு வலிக்கும், இமை விழும், பிறகு மூச்சு நிற்கும். விஷமுறிவு மருந்தை ஏற்றி, மூச்சுப் பையைக் கையால் அமுக்கிக்கொண்டே தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்தார். அதற்குப் பிறகு முப்பது வருஷம் இருந்தார்.

நரம்பும் தசையும் சேருமிடத்தில் அந்த நஞ்சு என்ன செய்யும் என்ற படம் உன் வகுப்புத் திரையிலும் வரும். அந்த டாக்டரும் அதைப் படித்துத் தேறியவர்தான். சித்தி சொன்ன ‘கண்ணைச் சொருகுகிறது’ அந்தப் படத்தைத்தான் சொல்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஊருக்கு வந்தால் எனக்குத் தமிழ் தெரியுமே என்பாய். அவருக்கும் தமிழ் தெரியும் அம்மா! நம் பக்கத்தில் யாரும் வயிறு வலிக்கிறது என்பதோடு நிறுத்துவதில்லை. பிசைகிறது, முறுக்குகிறது, கவ்விப் பிடிக்கிறது, புரட்டுகிறது, கல்லாகக் கனக்கிறது. கை காலில் குடைச்சல் வேறு, உளைச்சல் வேறு, கடுப்பு வேறு. இந்த வேறுபாட்டைக் கேட்கக் காது பழக வேண்டும். ஜார்ஜியப் பாட்டிக்கும் அவள் மொழியில் இத்தனையும் இருக்கும். நீயோ ஓரமாக நிற்கிறாய். ஆறு வருஷம் ஓரமாக நின்று பழகினால் திருவாரூரிலும் அப்படித்தான் நிற்பாய்.

1847இல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற மருத்துவர் தமிழ் கற்று, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் சொல்லிக்கொடுத்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். எந்தத் தேர்வு அவரிடம் தமிழ் கேட்டது?

நாளைக்கே அந்த மொழி வகுப்புக்குப் போ. அடுத்த முறை மருத்துவமனையில் கட்டிலருகே போய் நில். வயிற்றுவலியை அந்த ஊர்ப் பாட்டிகள் எப்படியெல்லாம் சொல்கிறார்கள் என்று கேட்டு, பக்கத்திலேயே நம் ஊர்ச் சொல்லையும் எழுதி எனக்கு அனுப்பு.

உன் அப்பா இந்த வருஷம் குறுவை போட்டிருக்கிறாரா? களத்தில் காவலுக்குப் படுப்பவராக இருந்தால், கட்டில் போட்டு, கொசுவலையை நான்கு பக்கமும் செருகிக்கொண்டு படுக்கச் சொல்.