குழாய்க்குப் பின்னால் இருப்பவை

அன்புள்ள ஐயா,

அண்மையில் என் கணினியில் லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாறினேன். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலைத் திறந்தாலே கை நடுங்குகிறது. அனுபவமுள்ளவர்கள் அதிகம் தட்டச்சு செய்யும் பத்துக் கட்டளைகளை வரிசைப்படுத்தித் தந்தால் மனப்பாடம் செய்துகொள்வேன். எந்த லினக்ஸ் நல்லது, எந்த எடிட்டர் நல்லது என்பதையும் சொல்லுங்கள்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

எந்த லினக்ஸ், எந்த எடிட்டர் என்ற சண்டையில் எனக்கு ஆர்வம் போய்விட்டது. இப்போது வைத்திருப்பதே போதும். கை நடுங்குவதும் நல்லதுதான். கோப்பை அழிக்கும் ஆர்எம் கட்டளைக்குக் குப்பைத்தொட்டி கிடையாது, அழித்தால் அழித்ததுதான். எங்கோ கண்ட வரியை, முன்னால் நிர்வாகி அதிகாரம் தரும் சூடோ இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் ஒட்டி என்டரைத் தட்டுகிறார்களே, அந்த நடுங்காத கைகளைக் கண்டால்தான் எனக்குப் பயம்.

மனப்பாடம் என்றீர்கள் பாருங்கள், அங்கேதான் கோபம் வருகிறது. பரீட்சையா எழுதப்போகிறீர்கள்? கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ்ஸும் கோப்புறை மாற்றும் சிடியும் யாருடைய பட்டியலை எடுத்தாலும் மேலே இருக்கும். அவற்றை யாரும் உட்கார்ந்து உருப்போட்டதில்லை, விரல் தானே பழகிக்கொள்ளும். மறந்துபோனால் மேன் என்று அடித்துக் கட்டளையின் பெயரைக் கொடுங்கள், கையேடு வரும். லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பரிலேயே வந்துவிட்டது. படிக்கத்தான் ஆளில்லை.

நீங்கள் கேட்ட பட்டியல் உங்கள் கணினியிலேயே இருக்கிறது. நீங்கள் அடிப்பதையெல்லாம், டெர்மினலில் கட்டளைகளை வாங்கி இயக்கும் பாஷ் நிரல் குறித்து வைத்துக்கொள்கிறது. அதன் இயல்பளவு 500 கட்டளைகள். அதைக் கூட்டி வைத்துத் தரும் லினக்ஸ் வகைகளும் உண்டு. கொஞ்ச காலம் புழங்கிவிட்டு, அந்தக் குறிப்பைக் காட்டும் ஹிஸ்டரி கட்டளை தருவதைக் குழாய் வழியாக, அதாவது ஒரு கட்டளையின் விடையை அடுத்ததற்குக் கொடுக்கும் | குறியால், வரியிலிருந்து சொற்களைப் பிரித்தெடுக்கும் ஆக்குக்கு அனுப்பி இரண்டாவது சொல்லை மட்டும் எடுங்கள். முதலில் இருப்பது வரிசை எண். எடுத்த சொற்களை, வரிகளை வரிசைப்படுத்தும் சார்ட்டுக்கு அனுப்புங்கள். அடுத்தது, ஒரே மாதிரி வரிகளை ஒன்றாக்கும் யூனிக், எண்ணிக்கை கேட்கும் சி விருப்பத்தோடு. சார்ட் ஏன் முன்னால் வர வேண்டும்? யூனிக் அடுத்தடுத்த வரிகளை மட்டுமே ஒப்பிடும். ஒரே சொல் பத்து வரி தள்ளி மீண்டும் வந்தால் அதற்குத் தெரியாது. கடைசியில் எண்ணிக்கைப்படி இறங்குவரிசையில் இன்னொரு சார்ட், பிறகு மேல் வரிகளை மட்டும் காட்டும் ஹெட். பத்து வரிகள் கிடைக்கும்.

அந்தப் பத்து வரிகள் ஏமாற்றும் என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிலையே எழுதுகிறேன். நாம் எண்ணியது ஒவ்வொரு வரியின் முதல் சொல்லை மட்டும். சூடோ மேலே வந்து நிற்கும். அதை வைத்து என்ன செய்தீர்கள் என்பது தெரியாது. அதைவிட மோசம், குழாய்க்குப் பின்னால் உட்கார்ந்து உழைக்கிற சார்ட், யூனிக், ஹெட், வரிகளை எண்ணும் டபிள்யூசி எவையும் கணக்கிலேயே வராது. சொல்லைத் தேடித் தரும் கிரெப் குழாய்க்கு முன்னாலும் வரும், பின்னாலும் வரும், அதற்கும் பாதி மரியாதைதான் கிடைக்கும். இப்படி எண்ணிய பட்டியலைப் பார்த்து மனப்பாடம் செய்கிறவருக்கு, சுற்றிப் பார்க்கத் தெரியும், வேலை செய்யத் தெரியாது.

யூனிக்ஸ் பிறந்த பெல் ஆய்வகத்தின் டக் மெக்கில்ராய் 1964லேயே நிரல்களைத் தோட்டக் குழாய்போல ஒன்றோடொன்று இணைக்க வழி வேண்டும் என்று குறிப்பு எழுதிவிட்டார். 1973ல், யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்சன் அதை யூனிக்ஸில் செய்து காட்டினார். 1986ல் ஜான் பென்ட்லி, நிரலாக்கம் பற்றி இதழில் எழுதிவந்த தன் பத்தியில், ஓர் உரையில் அதிகம் வரும் சொற்களை எண்ணித் தரும் நிரலை கணினி அறிஞர் டொனால்டு நூத்திடம் கேட்டார். நூத் பல பக்கங்களுக்கு அழகாக எழுதித் தந்தார். அதற்கு மதிப்புரை எழுதிய மெக்கில்ராய், பாராட்டிவிட்டு, ஆறே கட்டளைகளைக் குழாயால் கோத்து அதே வேலையைச் செய்து காட்டினார். நடுவில் இருந்தவை சார்ட், யூனிக், மறுபடி சார்ட். சற்றுமுன் நான் உங்களுக்குச் சொன்ன அதே மூன்று.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு மேலே ஒருவர் இருந்தார். சர்வரின் பதிவுக் கோப்பு ஒன்றில் எந்த முகவரியிலிருந்து பிழைகள் அதிகம் வருகின்றன என்று பார்க்க வேண்டும். கிரெப் மட்டும் அடித்து, வந்ததை நிதானமாகப் பார்த்தார். மேல் அம்புக்குறி, அதே வரி திரும்பி வந்தது. ஒரு குழாய், ஓர் ஆக். மறுபடி பார்த்தார். மறுபடி மேல் அம்புக்குறி. முழு வரியையும் ஒரேயடியாக அடித்ததே இல்லை. விடை வந்ததும் குறித்துக்கொள்ள நோட்டை எடுத்தேன். திரையைத் துடைத்துவிட்டு, "நீயே கட்டிப் பார்" என்று எழுந்துபோய்விட்டார். அன்று அவர்மேல் எனக்கு வந்த எரிச்சல் இன்று உங்களுக்கு என்மேல் வரலாம். வரட்டும்.

உங்கள் பட்டியலைச் சரியாக எண்ண வழி இருக்கிறது. வரிசை எண்ணை நீக்கிவிட்டு, ஒவ்வொரு குழாய்க் குறியையும் எழுத்தை மாற்றும் டிஆர் கட்டளை கொண்டு புதிய வரியாக மாற்றுங்கள். பிறகு ஆக் முதல் சொல்லை எடுக்கட்டும், மற்றவை முன்போலவே. மேற்கோளுக்குள் இருக்கும் குறியும் உடைபடும், பரவாயில்லை. வரியை நான் எழுதித் தரப்போவதில்லை. ஒவ்வொரு குழாயாகச் சேர்த்துப் பார்த்துவிட்டு, எங்கே சிக்கியது என்று எழுதுங்கள்.