மைனஸ் 35இல் பழைய கார்: கேள்வி பதில்

கனடாவில், வின்னிபெக்கில் இருபத்திரண்டு வருடமாகக் கராஜ் வேலை செய்கிறேன். மைனஸ் 35 பாகை செல்சியஸ் குளிர் வரப்போகிறது என்றதும் எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்கிறீர்கள். பத்துப் பதினைந்து வயதைத் தாண்டிய கார்களைப் பற்றித்தான் எனக்குத் தெரியும். கேளுங்கள்.

கேள்வி (வின்னிபெக்): அண்ணா, 2004 கொறொல்லா. சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்கிறது, எஞ்சின் சுற்றவில்லை.

பதில்: தம்பி, பற்றரிதான். மைனஸ் 18க்கு வரும்போதே அதன் பலம் பாதிக்கும் கீழே போய்விடும். அதே நேரம் எஞ்சின் ஒயில் பனம்பாணி மாதிரி இறுகி நிற்கும், அதைச் சுழற்ற வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பலம் வேண்டும். வரவு குறைய, செலவு கூட. பற்றரிக்கு நாலைந்து வயது ஆகிவிட்டதென்றால் மாற்றுங்கள். அதற்கு முன் முனைகளில் வெள்ளையாகப் பூத்திருப்பதைச் சுரண்டிவிட்டுப் பாருங்கள், சிலவேளை அதுவே போதும். ஒயில் போத்தலில் Wக்கு முன் உள்ள எண் குறையக் குறையக் குளிரில் இலகுவாக ஓடும்; உங்களது 10W என்றால் 0W அல்லது 5Wக்கு மாறலாமா என்று காரின் கையேட்டில் பாருங்கள்.

ஜம்ப் கொடுப்பதாக, அதாவது இன்னொரு காரின் பற்றரியிலிருந்து வயர் கொழுவி ஸ்ரார்ட் செய்வதாக இருந்தால் கவனம். சார்ஜ் இறங்கிய பற்றரி மைனஸ் 10 சொச்சத்திலேயே உறைந்துவிடும். பக்கம் ஊதியிருந்தால் தொடாதீர்கள், வெடிக்கும். கறுப்பு வயரின் கடைசி முனையைச் செத்த பற்றரியில் கொழுவாமல் எஞ்சினில் பெயின்ற் இல்லாத இரும்பில் கொழுவுங்கள். பற்றரியிலிருந்து ஐதரசன் வரும், பக்கத்தில் பொறி பறக்கக் கூடாது.

எல்லாவற்றுக்கும் முதல், இரவு புளொக் ஹீற்றர் (எஞ்சினைக் கரண்டில் சூடாக்குவது) பிளக்கைக் குத்தினீர்களா?

கேள்வி (எட்மன்ரன்): என் காரில் அது இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

பதில்: முன் கிறில்லுக்குள் மூன்று முனைப் பிளக் ஒன்று தொங்கும். குத்திவிட்டுக் காதை வையுங்கள், தண்ணீர் கொதிக்கத் தொடங்கும்போது வருகிற மெல்லிய இரைச்சல் கேட்டால் வேலை செய்கிறது. மூன்று நான்கு மணித்தியாலம் போதும், ரைமர் வாங்கினால் கரண்ட் பில் மிச்சம். வெளியில் பாவிக்கிற தடித்த வயர்தான் வேண்டும். காலையில் கழற்ற மறக்காதீர்கள். மஞ்சள் வயரை வால் மாதிரி இழுத்துக்கொண்டு நெடுஞ்சாலை வரை போனவரை எனக்குத் தெரியும்.

கேள்வி (சட்பரி): கராஜ் கதவைச் சாத்திவிட்டுப் பத்து நிமிடம் ஓடவிட்டால் சூடாகும்தானே?

பதில்: கூடாது. புகையோடு வருகிற காபனோரொட்சைட்டு ஆளைக் கொல்லும் நச்சு வாயு, அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. கதவு திறந்திருந்தாலும் வீட்டோடு ஒட்டிய கராஜ் என்றால் வீட்டுக்குள்ளே வரும். காரை வெளியே எடுங்கள்.

கேள்வி (ஸ்காபரோ): மைனஸ் 8. கொஞ்சம் சுணங்கித்தான் ஸ்ரார்ட் ஆகிறது.

பதில்: மைனஸ் 8 எல்லாம் ஒரு குளிரா? பற்றரியைச் சோதித்துப் பாருங்கள்.

கேள்வி (ரெஜைனா): தம்பி, போர் நேரம் பெற்றோல் வராத பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் நான் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியவன். காபரேற்றரில் இரண்டு துளி பெற்றோல் விட்டால் பிடித்துவிடும். இப்போது 1998 டீசல் பிக்கப். எஞ்சினைப் பிடிக்க வைக்கிற ஈதர் ஸ்பிரே அடித்தால் அதே வேலைதானே?

பதில்: ஐயா, அந்த வித்தையை நானும் சின்ன வயதில் பார்த்தவன். ஆனால் டீசலில் வேண்டாம். டீசல் எஞ்சினை ஸ்ரார்ட் செய்ய உள்ளே சூடாக்குகிற குளோ பிளக் சூடாக இருக்கும்போது ஈதர் போனால் நேரத்துக்கு முந்தியே வெடித்துப் பிஸ்டனை உடைத்துவிடும்.

அவரே மறுபடி: பத்து வருடமாக அடிக்கிறேன், ஒன்றும் உடையவில்லை. பெற்றோல் இல்லாமலே கார் ஓடிய சனம் நாங்கள்.

பதில்: கோபிக்காதீர்கள் ஐயா. உங்கள் வித்தை ஏன் வேலை செய்தது? எரிவது திரவம் இல்லை, ஆவி. ஊர் வெயிலிலேயே மண்ணெண்ணெய் லேசில் ஆவியாகாது, அதனால்தான் பெற்றோல் துளி. பிடித்தபின் எஞ்சின் சூடே மண்ணெண்ணெயை ஆவியாக்கியது. இங்கே மைனஸ் 35இல் பெற்றோலுக்கே அன்றைய மண்ணெண்ணெயின் கதிதான். டீசலுக்கு அதற்கு மேல் ஒரு கரைச்சல், அதிலுள்ள மெழுகு திரண்டு பில்ற்றரை அடைத்துவிடும். இலையுதிர் காலத்தில் அடித்த டீசல் ராங்கில் கிடந்தால் எந்த ஸ்பிரேயும் உதவாது. குளிர்கால டீசல் அடியுங்கள், பில்ற்றரை மாற்றுங்கள், ஹீற்றரைக் குத்துங்கள். அன்று எஞ்சின் தானே தந்த சூட்டை இன்று கரண்டில் முன்கூட்டியே கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

அவரே: சரி, குத்திப் பார்க்கிறேன். ஸ்பிரேயை எறிய மாட்டேன்.

பதில்: எறிய வேண்டாம், மகனின் புல்வெட்டிக்கு வையுங்கள்.

கேள்வி (சஸ்கற்றூன்): எஞ்சின் கூலன்றை (ரேடியேற்றருக்குள் ஊற்றுவது) தண்ணீர் கலக்காமல் தனியாக ஊற்றினால் உறையவே உறையாதா?

பதில்: தங்கச்சி, அதுதான் பெரிய பிழை. கூலன்றில் இருக்கிற கிளைக்கோல் தனியே நின்றால் மைனஸ் 13 அளவிலேயே உறைந்துவிடும். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தால் மைனஸ் 37 வரை தாங்கும். உங்கள் ஊருக்குக் கூலன்ற் அறுபது, தண்ணீர் நாற்பது என்று வையுங்கள்.

கேள்வி (கல்கரி): எத்தனை நிமிடம் ஓடவிட வேண்டும்?

பதில்: கண்ணாடி தெளிந்ததும் மெதுவாகப் புறப்படுங்கள். நின்றபடி அரை மணித்தியாலம் ஓடினாலும் ரயருக்கும் பெயரிங்குக்கும் சூடு போகாது. முதலில் ரயர் சதுரம் மாதிரித் தடதடக்கும், பயப்படாதீர்கள். சட்பரித் தம்பிக்குச் சொன்னது உங்களுக்கும்தான், கராஜுக்குள் வேண்டாம்.

கேள்வி (பிராண்டன்): என்னுடையதும் டிக் டிக்.

பதில்: முதல் பதில்.

கேள்வி (தண்டர் பே): ஹான்ட் பிரேக் இறுகிவிட்டது. கொதிநீர் ஊற்றவா?

பதில்: ஊற்றினால் அதுவும் உறையும். ஹெயர் டிரையர் பிடியுங்கள். இனி குளிருக்கு ஹான்ட் பிரேக் இழுக்காதீர்கள்.

கேள்வி (ஒட்டாவா): மின்சாரக் கார் பற்றி...

பதில்: என் துறை இல்லை.

கேள்வி (வின்னிபெக், கொறொல்லாத் தம்பி): அண்ணா, இரவு முழுக்கக் குத்தி வைத்தேன். இன்னும் டிக் டிக்.

பதில்: இரைச்சல் கேட்டதா?

அவரே: இல்லை.

பதில்: சுவரில் கரண்ட் வருகிறதா?

அவரே: பிரேக்கர் விழுந்திருக்கிறது அண்ணா.

பதில்: தூக்கிவிட்டு நான்கு மணித்தியாலம் கழித்துச் சாவியைத் திருப்புங்கள். அதுவரை ஒரு தேத்தண்ணி.