ஜப்பானின் மட்சுமோட்டோ நகரக் குளிரில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகும்முன்

வணக்கம் சகோ. ஜனவரியில் 2 வாரம் ஊருக்குப் போகிறீர்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி 'மிசுனுகி, மிசுனுகி' என்று சொன்னது புரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பாட்டி பேச்சைத் தட்டாதீர்கள். குழாயில் நிற்கும் தண்ணீரை வடித்துவிடுவதுதான் மிசுனுகி. மட்சுமோட்டோ சுமார் 600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மைனஸ் 4 டிகிரிக்குக் கீழே போனாலே குழாய் உறைந்து வெடிக்கலாம்.

கிளம்பும் அன்று மிசுனுகி வால்வை மூடுங்கள். பல வீடுகளில் அது கழிவறை அல்லது குளியலறைப் பக்கம் இருக்கும். கண்ணில் படாவிட்டால் வீட்டை நிர்வகிக்கும் கம்பெனியை வந்து காட்டச் சொல்லுங்கள், கூச்சமே வேண்டாம். பிறகு வெந்நீர்ப் பக்கம் உட்பட எல்லாக் குழாயையும் திறந்துவிடுங்கள். 'சர்ர்' என்று காற்றை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டால் தண்ணீர் இறங்குகிறது என்று அர்த்தம். கழிவறைத் தொட்டியையும் பிளஷ் செய்து காலியாக்குங்கள்.

ஒன்று முக்கியம்: மெயின் சுவிட்சை அணைக்காதீர்கள். கேஸ் வெந்நீர் ஹீட்டர் உறையாமல் காப்பதே கரண்ட்தான். என் முதல் குளிர்காலத்தில் அணைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் ஹீட்டருக்கடியில் பனிக்கட்டி ஊசி ஊசியாகத் தொங்கியது.

எப்போதாவது குழாய் உறைந்துவிட்டால் கொதிநீர் ஊற்றிவிடாதீர்கள், விரிசல் விடும். துண்டைச் சுற்றி வெதுவெதுப்பான நீரை மெதுவாக விடுங்கள்.