எழுந்திருக்கவே மனமில்லை, அக்கா

கேள்வி: போடியிலிருந்து வந்து கோவையில் பொறியியல் முதலாண்டு படிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் 571 மதிப்பெண். முதல் செமஸ்டரிலோ இரண்டு அரியர். மூன்று வாரமாகக் காலையில் எழுந்திருக்கவே பிடிக்கவில்லை, மெஸ்ஸுக்கும் சரியாகப் போவதில்லை. அம்மா போன் செய்தால் "நல்லா இருக்கேன்" என்கிறேன். நான் சோம்பேறி ஆகிவிட்டேனா, அக்கா?
– ஒரு வாசகி, கோவை

பதில்: இல்லை தங்கச்சி. சோம்பேறி இப்படிக் கவலைப்பட்டுக் கடிதம் எழுதமாட்டாள்.

1991-ல் நானும் திருநெல்வேலியிலிருந்து சென்னை விடுதிக்குப் போனவள்தான். ஞாயிறு சாயங்காலம் வந்தாலே தொண்டை அடைக்கும். துவைக்காத துணி கட்டிலுக்கு அடியில் குவிந்து கிடக்கும். பக்கத்து அறைப் பெண் தினமும் ஆறரைக்குக் கதவைத் தட்டி, "டீ குடிக்க வா" என்பாள். அந்தப் பத்து நிமிடத்துக்காக எழுந்தேன். அப்புறம் குளித்தேன். குளித்தபின் வகுப்புக்குப் போவது அவ்வளவு பெரிய மலையாகத் தெரியவில்லை. மனம் வரட்டும் என்று காத்திருக்காதே. எழுந்து நடமாடினால் அது மெல்லப் பின்னால் வரும். நாளைக்கு ஒரு தோழியோடு உட்கார்ந்து இரண்டு இட்லியாவது சாப்பிடு. அரியரைப் பிறகு பார்க்கலாம்.

ஆனால் ஒன்று. பசி, தூக்கம், ஆர்வம் எல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் குறைந்திருந்தால் அது மனச்சோர்வு நோயாகவும் இருக்கலாம். டாக்டர்தான் பார்த்துச் சொல்லவேண்டும். உனக்கு மூன்று வாரம் ஆகிவிட்டது. இன்றே 14416-ஐ அழை. மத்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவை அது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

இன்று ராத்திரி அம்மா கூப்பிடும்போது, "நல்லா இல்லம்மா" என்று சொல்லிவிடு.